பனிக்குப் போகிறீர்களா? பனியனை விட்டுவிட்டுப் போங்கள்

கொச்சியின் கலூரில் ஜனவரிக் குளிர் என்பது விடியற்காலையில் 23 டிகிரி. மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைப்பார்கள், அத்தோடு குளிர்காலம் முடிந்தது. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பக்கத்திலிருக்கும் அந்தோணியார் திருத்தலத்துக்கு நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். இங்கே ஒரு வீட்டு அலமாரியில் ஸ்வெட்டர் இருந்தால், அது மூணாறு போனபோது எடுத்ததாகவோ ஊட்டி திபெத்தியர் சந்தையில் பேரம் பேசி வாங்கியதாகவோ இருக்கும். குல்மார்க்கில் பனிச்சறுக்கு பழகப் போகிறோம் என்று டிக்கெட் போட்டதும் முதலில் வெளியே வருவது அந்த ஸ்வெட்டர்தான். அடுத்து இரண்டு ஜீன்ஸ், அரை டஜன் பருத்திப் பனியன், கடைசியாகப் பாட்டியின் குரங்குக் குல்லா.

இந்தப் பட்டியலில் தேறுவது குரங்குக் குல்லாவின் வடிவம் ஒன்றுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூணாறுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். உயரத்தில் ஏறக்குறைய சமம். ஆனால் ஆனைமுடி நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி வடக்கே, குல்மார்க் 34 டிகிரி வடக்கே. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஜனவரியில் சில நாள் உறைபனி படியும். வெயில் ஏறியதும் ஆளைக் காணோம். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் ‘சில்லாய் கலான்’ என்ற 40 நாள் கடுங்குளிரில் விழும் பனி, குல்மார்க்கில் மார்ச் வரை கிடக்கும். இரவில் வெப்பநிலை மைனஸ் பத்துக்குக் கீழேயும் இறங்கும். அங்கிருந்து கோண்டோலா எனும் கேபிள் கார், முதல் கட்டமாகக் கோங்தூரிக்கும் இரண்டாம் கட்டமாக அபர்வாட் மலையில் 3,950 மீட்டர் உயரத்துக்கும் ஏற்றிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேலே, புல்வெளியைவிட எட்டு டிகிரிக்கும் அதிகமாகக் குளிர் கூடும்.

இத்தோடு காற்றையும் சேர்க்க வேண்டும். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. வேகக் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 12 போலத் தெரியும், 40 கி.மீ. என்றால் மைனஸ் 14. பனிச்சறுக்கில் அந்தக் காற்று இயற்கையாக வீச வேண்டும் என்பதுகூட இல்லை. சரிவில் இறங்கும் வேகமே காற்றை உண்டாக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டதும் நம் வீடுகளில் எடுக்கும் முடிவு ஒன்றே: இன்னும் தடிமனாக ஒன்று வாங்கு. அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

வியர்வைதான் வில்லன்

பனிச்சறுக்கு பழகுகிறவர் முதல் நாளில் என்ன செய்கிறார்? காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மேடு ஏறுகிறார். நாலடி சறுக்கி விழுகிறார். எழ முடியாமல் புரண்டு, எழுந்து, மறுபடி ஏறுகிறார். பத்து நிமிடத்தில் கலூர் மத்தியான வெயிலில் நடந்தவர் மாதிரி உள்ளே நனைந்துவிடுகிறார். பிறகு அடுத்த முறைக்காக வரிசையில் நிற்கிறார். நடுக்கம் பிடிப்பது அப்போதுதான். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த உள்ளாடை மேல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் அந்த ஈரம் முதுகோடு ஒட்டியே இருக்கும்.

பருத்தி ஈரத்தை எப்படிப் பிடித்து வைக்கும் என்று தெரிய வேண்டுமானால் குல்மார்க் போக வேண்டாம். கலூரிலிருந்து காயலைத் தாண்டி மட்டாஞ்சேரிப் பக்கம் போனால், ‘வெளி’ என்ற இடத்தில் இருக்கிறது தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் சமூகத்தாரின் சலவைக்கூடம் அது. இப்போதுள்ள கட்டடத்தை 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணி நுனியைச் செருகி, கிளிப் எதுவும் இல்லாமல் வேட்டிகளும் விரிப்புகளும் அங்கே காய்கின்றன. பிழிந்து போட்ட பருத்தித் துணிக்கு எவ்வளவு கனம், அது உலர எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை அந்தக் கயிற்றின் தொய்வே சொல்லும். அத்தனை ஈரத்தையும் பனிமலையில் உடம்பு தன் சூட்டாலேயே உலர்த்தியாக வேண்டும்.

நூலிழைக் கணக்கு இப்படி: சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத நீரை இழுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. கம்பளி இழுப்பதோ 16 சதவீதம்! அப்படியானால் கம்பளிதானே மோசம் என்று தோன்றும். இல்லை. கம்பளி இழையின் சுருள் ஈரத்திலும் படுத்துவிடாது. இடையே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். நீராவியை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். பருத்தியோ நனைந்ததும் துவண்டு தோலில் ஒட்டிவிடும். ஆண்டுக் கணக்கில் நம்மைப் புழுக்கத்திலிருந்து காப்பாற்றிய குணமே அங்கே எதிரியாகிறது.

ஆகவே பெட்டிக்குள் முதலில் போக வேண்டியது தோலை ஒட்டிய உள்ளாடை: உடலோடு பிடித்த, முழுக்கை கொண்ட, மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ நெய்த ஒரு ஜோடி. ‘தெர்மல்’ என்ற பெயரில் நம் கடைகளில் தொங்கும் வெள்ளை நிறத்து உடையில் பாதி, பருத்திக் கலவை. சட்டைக் கழுத்தின் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். பருத்தி என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். பெண்களின் உள்ளாடைக்கும் இதே விதிதான். விளையாட்டுக்கென்று செய்த செயற்கை இழை பிரா இல்லாமல் மேலே மெரினோ போட்டுப் பயனில்லை.

இதற்கு மேலே நடு அடுக்கு. காற்றைப் பிடித்து வைப்பது இதன் வேலை. ஃப்ளீஸ் ஜாக்கெட் போதும். லேசு, நனைந்தாலும் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி இழையாக்கியும் இந்த வகைத் துணி செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீலநிறக் கையில்லா மேலங்கி, நம் கரூர் நிறுவனம் ஒன்று பழைய பாட்டில்களிலிருந்து செய்த துணியில் தைத்ததுதான். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் திருப்பூரும், பருத்திப் பனியனை விட்டுச் செயற்கை இழை விளையாட்டு உடைகள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, வெளி அடுக்கு. காற்றும் பனியும் உள்ளே வராமல், உள்ளிருக்கும் வியர்வை ஆவி மட்டும் வெளியேற வேண்டும். இந்தச் சாமர்த்தியத்தைத் துணிக்குக் கொண்டுவந்தது 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் இழுத்து நீட்டிய ஒரு வகை பிளாஸ்டிக் படலம். அதிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். இன்று விலை மலிந்த ஜாக்கெட்டுகளிலும் ஏதோ ஒரு படலம் இருக்கிறது. சீட்டில் 10,000 மி.மீ. என்று நீர்த்தடுப்பு அளவு போட்டிருந்தால் புதியவருக்குத் தாராளம். அதைவிட முக்கியம் அக்குளில் ஒரு ஜிப் இருக்கிறதா என்பது. ஏறும்போது திறந்து, நிற்கும்போது மூடலாம்.

மூன்றடுக்குத் தத்துவம் ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். நம் ராணுவத்துக்கான கடுங்குளிர் உடையின் தொழில்நுட்பத்தை பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதுவும் மூன்றடுக்குதான். பிளஸ் 15 டிகிரியிலிருந்து மைனஸ் 50 வரை, செய்யும் வேலையின் கடுமைக்குத் தக்க அடுக்குகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி வடிவமைத்தது. சிப்பாய்க்கே கழற்றி மாட்ட இடம் வைத்துத் தைக்கிறார்கள்; நாம் ஒரே கனத்த கோட்டை நம்பிப் போகிறோம்.

காலுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று

இரண்டு சாக்ஸ் போட்டால் இரட்டிப்புச் சூடு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பனிச்சறுக்கு பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக். கணுக்காலுக்கு மேல், கெண்டைக்கால் வரை இறுக்கிப் பூட்டும். அதற்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்தம் ஓட இடமில்லாமல் கால் இன்னும் சில்லிடும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளமும் வரும். முழங்கால் வரை ஏறும், மெல்லிய, கம்பளி கலந்த ஸ்கீ சாக்ஸ் ஒன்று போதும். நாளைக்கு ஒரு ஜோடி என்று எடுங்கள். தெர்மல் பேன்ட்டின் ஓரத்தைப் பூட்ஸுக்குள் விடாதீர்கள். அதன் தையல் அரை மணி நேரத்தில் எலும்பைத் தேடிப் பிடிக்கும்.

ஜீன்ஸைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்கள் சறுக்குவதைவிட உட்காருவதே அதிகம். பனியில் உட்கார்ந்த ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்து, நிழலில் விறைத்து, மாலை வரை தொடையில் ஈரப் பலகையாகக் கிடக்கும். என்னைக் கேட்டால், ஜாக்கெட்டில் காசைக் குறைத்துக்கொண்டாவது நீர் புகாத பனிப் பேன்ட்டில் போடுங்கள். தோள்பட்டை வார் வைத்த வகை, விழும்போது இடுப்பில் பனி நுழையவிடாது. ஆனால் கழிப்பறைக்குப் போக எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். பெண்கள் பக்கவாட்டு ஜிப் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

கையும் அப்படித்தான். கம்பளியில் பின்னிய கையுறை பனியை இரண்டு முறை தொட்டதும் நனைந்துவிடும். நீர் புகாத, உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்த கையுறை வேண்டும். விரல்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் வகை இன்னும் சூடு தரும், குழந்தைகளுக்கு அதுதான். மணிக்கட்டில் மாட்டும் நாடா இல்லாவிட்டால், போன் எடுக்கக் கழற்றிய கையுறை சரிவில் உங்களுக்கு முன்னால் இறங்கிவிடும்.

பாட்டியின் குல்லா ஜெயித்த கதை

சென்னையில் டிசம்பர் பிறந்தாலே போட்டுக்கொள்கிறார்கள் என்று ஊரே கேலி செய்யும் குரங்குக் குல்லாவை ஆங்கிலேயர் ‘பாலக்லாவா’ என்பார்கள். 1854-ல் கிரிமியப் போரில் சண்டை நடந்த ஊரின் பெயர் அது. கண்ணைத் தவிர மற்றதை மூடும் அந்த வடிவத்தைத்தான் இன்று உலகமெங்கும் பனிச்சறுக்கு வீரர்கள் ஹெல்மெட்டுக்குள் அணிகிறார்கள். துணி மட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும். உச்சியில் குஞ்சம் வைத்த கனத்த குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. ஹெல்மெட்டை விட முடியாது. ஆகவே பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே மாடலில் மெல்லியது ஒன்று வாங்குங்கள். மஃப்ளர், துப்பட்டா, சால்வை ஆகியவை வேண்டாம். நுனி தொங்கும் எதுவும் இழுவை லிஃப்டில் சிக்கும். கழுத்துக்குக் குழாய் வடிவத் துணி போதும்.

கண்ணை நம்மவர்கள் மறந்தே போகிறார்கள். புதுப்பனி, விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏற ஏற அந்தக் கதிர் 10 சதவீத அளவில் கூடும். மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நின்றால் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். பனிக்குருடு என்பது அதுதான். நல்ல வெயிலுக்குக் கறுத்த லென்ஸ், மேகமூட்டத்துக்கு மஞ்சளோ ஆரஞ்சோ. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், அதன் மேலேயே மாட்டும் அகலக் காகிள்ஸ் கேட்டு வாங்கலாம். சன்ஸ்கிரீனை மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் தடவ வேண்டும். நாங்கள் கறுப்பு, எங்களுக்கு எரியாது என்பது கட்டுக்கதை. தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு உதவாது. போதாக்குறைக்கு 24 டிகிரிக்குக் கீழேயே அது உறைந்துவிடும். குல்மார்க் ஹோட்டல் அறையில் புட்டியைக் கத்தியால் குத்த வேண்டியிருக்கும்.

வாங்கவா, வாடகைக்கா?

குல்மார்க் ஏறும் வழியில் தங்மார்க்கில் வண்டி நிற்கும். நீள கோட்டும் கம் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். மணாலியிலிருந்து ரோதாங் போகும் சாலையிலும் எண் போட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. டிரைவர் தமக்கு வேண்டிய எண்ணில் நிறுத்துவார். பனியில் நின்று படம் எடுக்க அந்த உடை போதும். சறுக்கப் போகிறவருக்கு முழங்காலைத் தட்டும் கோட்டு இடைஞ்சல். கம் பூட்ஸும் தேவைப்படாது. ஸ்கீ பலகை, பூட்ஸ், கோல், ஹெல்மெட் ஆகியவற்றைக் குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுக்கலாம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கானின் குடும்பமே அங்கே பனிச்சறுக்குக் கருவிக் கடை நடத்திய குடும்பம். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் குல்மார்க்கில்தான் இருக்கிறது.

என் கணக்கு எளிது. தோலைத் தொடுவதும் வியர்வை படுவதும் சொந்தம்: தெர்மல், சாக்ஸ், கையுறை, மெல்லிய குல்லா, காகிள்ஸ். மற்றதெல்லாம் வாடகை அல்லது இரவல். கொச்சிக்காரர் ஆயுளில் எத்தனை முறை பனிமலைக்குப் போகப் போகிறார்?

இரவல் என்றதும் நினைவுக்கு வருகிறார்கள் சுவிட்சர்லாந்தின் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஒரு வாரம் ‘ஸ்கீலாகர்’ என்ற முகாமுக்கு அழைத்துப் போவது வழக்கம். யாழ்ப்பாண வெக்கையில் வளர்ந்த அப்பா, அம்மாவுக்கு அந்த உடுப்புப் பட்டியலே முதல் பாடமாக இருந்திருக்கும். வருடத்துக்கு ஒரு அளவு வளரும் பிள்ளைக்குப் புதிது வாங்கிக் கட்டாது. பழைய ஸ்கீ உடைகளுக்கென்றே அங்கே சந்தைகள் கூடுகின்றன. நார்வேயிலோ மழலையர் பள்ளியே கம்பளி உள்ளாடை கேட்கிறது. புலம்பெயர்ந்த உறவினர் யாராவது ‘என்ன கொண்டுவரட்டும்’ என்று கேட்டால், சாக்லேட் வேண்டாம், பழைய ஸ்கீ பேன்ட் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரே குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடுக்குவதும் பிழை. சறுக்கும் மகளுக்கு வேர்க்கும். கோண்டோலாவில் ஏறி வேடிக்கை பார்த்து நிற்கும் அத்தைக்கு வேர்க்காது. அவருக்குத்தான் கனத்த பஞ்சு ஜாக்கெட் தேவை. சேலைதான் கட்டுவேன் என்றால் உள்ளே தெர்மல் பேன்ட், காலில் நீர் புகாத, பிடிப்புள்ள ஷூ; கொசுவத்தின் ஓரம் நனையாமல் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். உள்ளூர்க் காஷ்மீரிகள் போடும் ஃபெரன் அங்கி, உட்கார்ந்திருப்பவருக்கு அருமையான உடை. தொளதொளப்பில் காற்று தங்கும், உள்ளே காங்கிரிச் சட்டியில் கனலும் வைத்துக்கொள்ளலாம். அதோடு சறுக்கத்தான் முடியாது.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் பனியே இல்லாமல் வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரி 22-ல் தொடங்க இருந்த கேலோ இந்தியா பனி விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப் போயின. சீசன் இப்படிப் பின்னால் நகரும்போது கிடைப்பது ஈரப் பனி. சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் அது உடையில் பட்டதும் உருகும். உலர்ந்த மைனஸ் பத்தைவிட இது அதிகமாக நனைக்கும். மார்ச்சில் போகிறவர் ஃப்ளீஸில் ஒன்றைக் குறைத்து, நீர் புகாத வெளி உடையிலும் மாற்றுக் கையுறையிலும் கவனம் வைக்க வேண்டும்.

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டிதான் இலவசம். ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்காமல் கையில் எடுத்துப் போங்கள். டெல்லியில் இறங்கும்போதே தேவைப்படும். ஹெல்மெட் சொந்தமாக இருந்தால் அதன் குழிக்குள் சாக்ஸ், கையுறை எல்லாம் அடங்கும்.

திரும்பி வந்த பிறகுதான் கொச்சி தன் வேலையைக் காட்டும். ஈரம் மிச்சமிருக்கும் ஜாக்கெட்டை அலமாரியில் மடித்து வைத்தால் எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். குளிர்ந்த நீரில், மிதமான திரவச் சோப்பில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. நீரை உருட்டி விடும் மேற்பூச்சு அதோடு போய்விடும். தோபி கானாவுக்குக் கொடுப்பதானால் கஞ்சி வேண்டாம், கரிப்பெட்டி தேய்ப்பும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பின் அழுத்தி மடிக்காமல் தொங்கவிடுங்கள். அடுத்த டிசம்பரில் பக்கத்து ஃபிளாட் சேச்சி கேட்டால் ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம். சாக்ஸை மட்டும் அவரே வாங்கிக்கொள்ளட்டும்.